கடனுக்குப் பிறகு விதைப்பாசி

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் பாக் விரிகுடாவை ஒட்டிக் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வளர்க்கும் மகளிர் குழுக்களோடு பழகியதில் நான் கண்டதைப் பகிர்கிறேன். நிலமும் நகையும் இல்லாத பெண்களுக்கு வங்கிக் கடன் எட்டாக்கனியாக இருந்த நிலையை, 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம் ஓரளவு மாற்றியது. ஆனால் கடன் கைக்கு வந்த பிறகும் தொழில் நிலைக்க அக்கம்பக்கத்தாரின் துணை வேண்டியிருக்கிறது.

ஒரு குழுவில், கணவரை இழந்து கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். பன்னிரண்டடிச் சதுர மூங்கில் மிதவை, கயிறு, நங்கூரம், ஓரா மீன் பாசியை மேய்ந்துவிடாதபடி அடியில் கட்டும் வலை ஆகியவற்றுக்கே அவர் கடன் தொகை தீர்ந்துவிட, ஒரு மிதவைக்கு வேண்டிய ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசிக்கு, அதாவது கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசித் துண்டுகளுக்கு, வழியில்லாமல் நின்றார். பக்கத்து மிதவைக்கார அக்கா தம் அறுவடையிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுத்து, "அறுப்பு முடிஞ்சதும் பாசியாவே திருப்பிக் குடு, வட்டியெல்லாம் வேணாம்" என்றார். பாசி அறுப்புக்கு வர சுமார் 45 நாளாகும்; அதுவரை கையில் காசு புரளாத இத்தொழிலில், நாள்தோறும் வசூலுக்கு வந்து நிற்கும் தண்டல்காரரிடம் வாங்கினால் மீள்வது கடினம். அக்காவின் கைமாற்றோ தொழிலின் கணக்கையே தன் தவணையாகக் கொண்டிருந்தது.

விதை மட்டுமல்ல, கைப்பழக்கமும் கிடைத்தது. கரையில் வட்டமாக அமர்ந்து கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டும்போது, இறுக்கினால் துண்டு அறுந்துவிடும், தளர்த்தினால் அலை கொண்டுபோய்விடும் என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய முடிச்சுகளை மூத்தவர்கள் அவிழ்த்து மறுபடியும் கட்ட வைத்தார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு பொறுமை காட்டி நான் பார்த்ததில்லை.

இந்தத் துணைக்கும் எல்லை உண்டு. வாடைக் காற்று வீசும் வடகிழக்குப் பருவமழையில் எல்லோருடைய மிதவைகளும் ஒரே கடலில்தான் சிதைகின்றன. கொடுக்கும் கையும் கேட்கும் கையும் ஒருசேர வெறுமையாகிவிடுகின்றன. ஆகவே ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்புகள் உறுப்பினர்களுக்குக் கடனாகத் தந்து திரும்பப் பெறும் தங்கள் சுழல்நிதியில் ஒரு பங்கை விதைப்பாசி வாங்குவதற்கென்றே தனியாக வைத்து, மழைக்காலம் முடிந்ததும் முதல் மிதவைக்கு அதைக் கடனாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.