ஸ்டுடியோவுக்கு சாஃப்ட்வேர் ரெய்டு போதுமா, கார்டு வாங்க வேண்டுமா?

பாளை_ஸ்டுடியோ:
பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்கிறேன். போன ஆவணியில் ஒரு ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு அப்படியே நின்றுவிட்டது. ஒரு வரவேற்பு முழுக்க அதில்தான் இருந்தது. பெண் வீட்டார் முன்னால் போய் நின்ற அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போது பழைய ஐ3 கணினியில் லினக்ஸ் போட்டு, இரண்டு 4 டிபி டிஸ்க்கிலும் ஒரே ஃபுட்டேஜை லினக்ஸே எழுதும்படி மிரர் செய்து (சாஃப்ட்வேர் ரெய்டு 1), எடிட்டிங் கணினியில் இருந்து நெட்வொர்க் வழியாக எடுக்கலாம் என்று எண்ணம். லினக்ஸ் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கும். ஒரு டிஸ்க்கில் ஏற்கெனவே 3 டிபி ஃபுட்டேஜ் இருக்கிறது, இன்னொன்று புதிது. கடைக்காரர் அந்த வேலையைத் தனியாகச் செய்யும் ரெய்டு கார்டு வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

ஜங்ஷன்_சர்வீஸ்:
கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை தம்பி. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி வைத்த கார்டு என்றால், டிஸ்க்குக்குப் போய்ச் சேராததைத் தன் மெமரியில் பிடித்து வைத்திருந்து, கரண்ட் வந்ததும் எழுதிவிடும். சாஃப்ட்வேர் ரெய்டில் அது கிடையாது. போதாததற்கு ப்ராசசருக்கும் பாரம்.

தென்காசிச்சாரல்:
அண்ணாச்சி, பாரம் என்பதெல்லாம் பழைய கதை. மிரரில் கணக்குப் போடவே வேலையில்லை. ஒரே பிளாக்கை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுகிறது, அவ்வளவுதான். ரெய்டு 5 என்றால் பாரிட்டி கணக்கு (ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததை மற்றவற்றில் இருந்து மீட்க உதவுவது) உண்டு, அதுவும் இன்றைய ப்ராசசருக்குத் தூசு.

கார்டு செத்தால் என்ன செய்வீர்கள்? அதே வகைக் கார்டைத் தேடிச் சென்னைக்கு ஃபோன் போட வேண்டும். லினக்ஸ் மிரரில், எந்த டிஸ்க் எந்த அணியைச் சேர்ந்தது என்ற விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் அது தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதியபோது, RAID என்ற பெயரில் இருக்கும் 'ஐ'க்கு (I) 'விலை குறைந்த' என்றுதான் பொருள். விலை குறைந்த டிஸ்க்கைக் காப்பாற்ற விலை கூடிய கார்டா?

ஜங்ஷன்_சர்வீஸ்:
பெயர்க் காரணம் இருக்கட்டும். கரண்ட் கேள்விக்குப் பதில் எங்கே?

தென்காசிச்சாரல்:
ஒரு யுபிஎஸ். எப்படியும் அது வேண்டும். அதையும் மீறித் திடீரென்று அணைந்தால், இரண்டு டிஸ்க்கும் கடைசி நொடியில் கொஞ்சம் வேறுபடலாம். எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தோம் என்று பிட்மேப்பில் குறிப்பு இருக்கும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்யும். முழு 4 டிபியையும் திரும்ப ஒத்துப்பார்க்க வேண்டியதில்லை. ரெய்டு 5-ல் பாதி எழுதிய நிலையில் கரண்ட் போனால் பாரிட்டி பொருந்தாமல் போய், பின்னால் ஒரு டிஸ்க் செத்தால் சம்பந்தமே இல்லாத பழைய ஃபைல்கூடக் கெடலாம். அந்த வம்பு மிரரில் இல்லை.

கல்லிடை_அப்பளம்:
நீங்கள் இரண்டு பேரும் சாவகாசமாகச் சண்டை போடுங்கள். தம்பிக்கு வேண்டியது ரெய்டே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் அருமையான மிரர் வைத்திருந்தார்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், பெட்டி தரையில். இரண்டும் சேர்ந்தே முங்கின. வெள்ளத்தை விடுங்கள், உதவிக்கு வரும் பையன் தப்பான ஃபோல்டரை அழித்தால் மிரர் அதையும் அந்த நொடியே அழிக்கும். இரண்டாவது டிஸ்க்கை வெளியே வைத்து, தினம் ராத்திரி காப்பி எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். போதும்.

தென்காசிச்சாரல்:
மிரர் பேக்கப் ஆகாது என்பதை யார் மறுத்தது? ஆனால் சாயங்காலம் கேமரா மெமரி கார்டில் இருந்து இறக்கிய ஃபுட்டேஜ் ராத்திரி காப்பி வரை ஒரே டிஸ்க்கில்தானே இருக்கும். மறுநாள் முகூர்த்தத்துக்காக மெமரி கார்டை அதற்குள் ஃபார்மட் செய்துவிடுவார்கள். அவருக்குப் போன ஆவணியில் வந்த வினை இந்த இடைவெளியில்தான் வந்திருக்கும்.

பாளை_ஸ்டுடியோ:
அதேதான் அண்ணாச்சி. சாயங்காலம் 6 மணிக்கு ஃபார்மட் செய்தேன், 9 மணிக்கு டிஸ்க் போனது.

கல்லிடை_அப்பளம்:
அப்படியென்றால் இன்னும் நாலு மெமரி கார்டு வாங்குங்கள், இரண்டு நாள் ஃபார்மட் செய்யாதீர்கள். ரெய்டு சவத்தை விடும் வே.

ஜங்ஷன்_சர்வீஸ்:
இதில் அப்பளம் அண்ணாச்சி பக்கம்தான் நானும். சாஃப்ட்வேரோ கார்டோ, மிரரை ஒருவரும் கவனிப்பதில்லை. போன வருஷம் ஒருவர் கொண்டுவந்தார். முதல் டிஸ்க் எப்போதோ செத்திருக்கிறது, கணினி பாட்டுக்கு ஒற்றைக் காலில் ஓடியிருக்கிறது. இரண்டாவதும் செத்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

தென்காசிச்சாரல்:
அது நியாயமான பேச்சு. மெயில் எச்சரிக்கை வைக்காத மிரர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒத்துப்பார்க்கும் வேலை தானாக நடக்கும், அதை அணைக்காதீர்கள்.

தம்பி, 3 டிபியை இழக்காமல் மிரருக்கு மாற வழி இருக்கிறது. புது டிஸ்க்கை மட்டும் வைத்து, இரண்டாவது இடத்தில் 'மிஸ்ஸிங்' என்று கொடுத்து மிரரை உருவாக்குங்கள். ஃபுட்டேஜை அதற்கு மாற்றுங்கள், ஐந்தாறு மணி நேரம் ஆகும். திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு பழைய டிஸ்க்கைச் சேருங்கள். சேர்த்ததும் அதில் இருந்தது போய்விடும், ஞாபகம் இருக்கட்டும்.

கல்லிடை_அப்பளம்:
அதாவது சேர்த்து முடியும் வரை 3 டிபியும் ஒரே டிஸ்க்கை நம்பி நிற்கும், அதுவும் அந்த டிஸ்க் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடும்போது. மூன்றாவது டிஸ்க் வாங்கி அதில் ஒரு காப்பி எடுக்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

பாளை_ஸ்டுடியோ:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கார்டு வாங்கவில்லை. மூன்றாவதாக 4 டிபி வாங்கி, முதலில் அதில் காப்பி எடுத்துவிட்டுத்தான் மிரர் போட்டேன். பழைய டிஸ்க்கைச் சேர்த்து முடிய 8 மணி நேரம் ஆனது. அப்புறம் சோதனைக்காகக் கணினியை அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எழுப்பினேன். கொஞ்சம் தாமதமானது, ஆனால் ஃபுட்டேஜ் ஓடியது. திரும்ப மாட்டிச் சேர்த்தபோது பிட்மேப் புண்ணியத்தில் சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மெயில் மட்டும் வரவில்லை. பார்த்தால், கணினியில் மெயில் அனுப்பும் வசதியே நான் அமைக்கவில்லை. ஜங்ஷன் அண்ணாச்சி சொன்ன ஆள் நானாகவே இருந்திருப்பேன். இப்போது வருகிறது.

ஜங்ஷன்_சர்வீஸ்:
யுபிஎஸ்?

பாளை_ஸ்டுடியோ:
வாங்கியாச்சு அண்ணாச்சி.

கல்லிடை_அப்பளம்:
மூன்றாவது டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது?

பாளை_ஸ்டுடியோ:
இப்போதைக்கு ஸ்டுடியோ மேஜை டிராயரில்.

கல்லிடை_அப்பளம்:
எத்தனாவது மாடி?