வளர்ப்புக் கூடாரத்திலிருந்து வாடை கசிகிறது: குறை கார்பன் வடிகட்டியிலா, காற்று செல்லும் வழியிலா?

கேள்வி

வீட்டின் ஓர் அறையில் 1.2 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட துணிக் கூடாரத்தை நிறுத்தி, அதற்குள் எல்இடி விளக்கின் கீழ் தக்காளி, செண்டுமல்லி நாற்றுகளையும் சில தொட்டிகளில் புதினாவையும் வளர்த்து வருகிறேன். மீன் கழிவிலிருந்து தயாரித்த திரவ உரத்தை நீரில் கலந்து ஊற்றுவதால், இலைகளின் வாசனையோடு அந்த உரத்தின் வாடையும் சேர்ந்து வீடு முழுவதும் பரவாமலிருக்க ஒரு கார்பன் வடிகட்டியைப் பொருத்தியிருக்கிறேன்.

அமைப்பு இதுதான். கூடாரத்தின் உள்ளே மேல்பகுதியில் விசிறி இருக்கிறது. மணிக்கு 300 கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்று அதன்மேல் அச்சிடப்பட்டுள்ளது. அது உள்காற்றை 100 மில்லிமீட்டர் நெளிகுழாய் வழியாக வெளியே தள்ள, அறையின் அலமாரி மீது படுக்கைவாட்டில் வைத்திருக்கும் வடிகட்டி வழியாகக் காற்று வெளியேறுகிறது. வடிகட்டியின் விட்டம் 20 சென்டிமீட்டர், நீளம் 40 சென்டிமீட்டர், கரிப்படுகையின் தடிமன் 38 மில்லிமீட்டர். விசிறியை ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைத்திருக்கிறேன். உள்ளே வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் விசிறி தானாக நின்றுவிடும்.

பகலில் இலேசாகத் தெரியும் வாடை, விளக்கு அணைந்த பிறகு அறைக்குள் நுழையவே தயங்கும் அளவுக்கு வலுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. வடிகட்டி வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், கேட்டவர்கள் எல்லோரும் கரி தீர்ந்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

ஐயா, தயவுசெய்து இப்போதே புதிய வடிகட்டி வாங்க வேண்டாம். தாங்கள் விவரித்த அமைப்பில் கரி முற்றிலும் புதியதாக இருந்தாலும் வாடை வெளியே வரத்தான் செய்யும்.

விசிறிக்கு முன்னால் உள்ள பகுதி முழுவதிலும் காற்றழுத்தம் அறையைவிடக் குறைவாகவும், விசிறிக்குப் பின்னால் உள்ள பகுதியில் அதிகமாகவும் இருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் ஓட்டை இருந்தால் அறைக்காற்று உள்ளே போகும். அழுத்தம் கூடிய இடத்தில் ஓட்டை இருந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். தங்கள் அமைப்பில் வடிகட்டி விசிறிக்குப் பின்னால் இருப்பதால், இடையிலுள்ள நெளிகுழாயில் இன்னும் சுத்தமாகாத காற்று அழுத்தத்துடன் நிற்கிறது. கூடாரத்துக்கு வெளியே அந்தக் குழாயில் உள்ள ஒவ்வொரு இணைப்பும், மடிப்பில் விழுந்த ஒவ்வொரு சிறு கிழிசலும், வடிகட்டியின் கழுத்தைச் சுற்றியுள்ள இடைவெளியும் வாடையை நேராக அறைக்குள் விடுகின்றன.

வரிசையை மாற்றி, வடிகட்டியைக் கூடாரத்தின் உள்ளே மேலே தொங்கவிட்டு, அதன் கழுத்திலிருந்து விசிறி உறிஞ்சி வெளியே தள்ளும்படி அமைத்துவிட்டால், விசிறியைத் தாண்டிய பிறகு கசிவது ஏற்கெனவே கரியைக் கடந்த காற்றாகத்தான் இருக்கும். கழுத்துக்கும் விசிறிக்கும் இடையிலுள்ள இணைப்பை மட்டும் மிகவும் கவனமாக அடைக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் விசிறி கரியைத் தவிர்த்துவிட்டு அந்த எளிய வழியில் காற்றை இழுத்துக்கொள்ளும். துணி ஒட்டுநாடா வெப்பத்தில் பசை இளகிக் கழன்றுவிடும் என்பதால், அலுமினியத் தகடு ஒட்டுநாடாவை ஒட்டி அதன்மேல் உலோகப் பட்டி இறுக்கியைப் பொருத்துங்கள். இந்த அளவுள்ள வடிகட்டியில் கரி மட்டுமே ஏறத்தாழ 4 கிலோ இருக்கும், உலோக உறை தனி. ஆகவே கூடாரத்தின் குறுக்குக் கம்பி அந்த எடையைத் தாங்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் வாடை வலுப்பதற்கு முதன்மையான காரணம், விளக்கு அணைந்து வெப்பம் இறங்கியதும் விசிறி நின்றுவிடுவதுதான் என்று கருதுகிறேன். விசிறி நின்ற நொடியில் உள்ளே இருந்த குறையழுத்தம் மறைந்துவிடுகிறது. பிறகு காற்று உள்வரும் சாளரங்கள், ஜிப் விளிம்புகள், மின்கம்பி நுழையும் துளைகள் ஆகியவை எல்லாமே வாடை வெளியேறும் வாயில்கள் ஆகிவிடும். எவ்வளவு சிறந்த கரியும் தன்னைக் கடந்து செல்லாத காற்றைச் சுத்தம் செய்ய முடியாது. விசிறியின் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் ஒருபோதும் முழுவதுமாக நிறுத்தாதீர்கள்.

மாற்றியமைத்த பின் கூடாரத்தின் பக்கத் துணிகள் சற்றே உட்புறமாக வளைந்து நிற்க வேண்டும். வளையாமல் தொய்வாக இருந்தால் எங்கோ காற்று வரம்பின்றி நுழைகிறது. மிகையாக உட்குழிந்து செடிகளின் மேல் படிந்தால், காற்று நுழையும் வழி போதவில்லை. அதன் பரப்பு வெளியேறும் வாயின் பரப்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது நல்லது. அதன் பிறகு அறைக் கதவை மூடி, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியின் புகையை ஒவ்வொரு தையலுக்கும் விளிம்புக்கும் அருகே வெளிப்புறமாகப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளிழுக்கப்பட வேண்டும். வெளிநோக்கித் தள்ளப்படும் இடம் எதுவோ அதுவே கசிவு. துணிக்கு அருகே நெருப்புப் பொறி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. வடிகட்டியைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அது படுக்கைவாட்டில் இருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

இத்தகைய உருளை வடிகட்டிகளில், துளையிட்ட இரண்டு உலோக உறைகளுக்கு நடுவே கரித்துணுக்குகள் நிரப்பப்பட்டிருக்கும். ஏற்றி இறக்கும்போதும் விசிறியின் அதிர்விலும் துணுக்குகள் மெல்ல மெல்லக் கீழிறங்கிப் படியும். படுக்கைவாட்டில் கிடக்கும் வடிகட்டியில் மேற்புறம் நெடுகிலும் ஒரு வெற்றிடம் உருவாகும். காற்றுக்குத் தடை குறைவான வழி அதுவே என்பதால் பெரும்பகுதி அதன் வழியாகக் கரியைத் தொடாமலேயே வெளியேறிவிடும். செங்குத்தாக நிறுத்தினால் அந்த வெற்றிடம் உச்சியில் மட்டும் உருவாகும், பல வடிகட்டிகளில் மூடியின் துளையில்லாத விளிம்பு அதை மறைத்துக்கொள்ளும். வடிகட்டியை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். உள்ளே துணுக்குகள் உருளும் ஓசை தெளிவாகக் கேட்டால் படிவு நிகழ்ந்துவிட்டது. செங்குத்தாக நிறுத்தி, பக்கங்களைக் கையால் சுற்றித் தட்டினால் துணுக்குகள் நெருங்கி உட்காரும். கூடாரத்துக்குள் தொங்கவிடும்போதும் உயரம் இடம் கொடுத்தால் செங்குத்தாகவே தொங்கவிடுங்கள். கிடைவாட்டில்தான் முடியும் என்றால் அவ்வப்போது அதைச் சுழற்றிவிட வேண்டியிருக்கும்.

அடுத்தது வேகம். தாங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் கரிப்படுகையின் கன அளவு சுமார் 7.7 லிட்டர். மணிக்கு 300 கன மீட்டர் காற்று அதைக் கடந்தால் காற்றும் கரியும் ஒன்றோடொன்று இருக்கும் நேரம் சுமார் 0.09 வினாடி. வேகத்தைப் பாதியாக்கினால் அது 0.18 வினாடியை எட்டும். கூடாரத்தின் கன அளவு 2.88 கன மீட்டர்தான்; நிமிடத்துக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாற வேண்டுமென்றாலும் மணிக்கு 173 கன மீட்டர் போதும். விசிறியின்மேல் அச்சிட்டிருப்பது தடையேதும் இல்லாதபோது கிடைக்கும் அளவு என்பதையும், வடிகட்டியும் குழாய் வளைவுகளும் அதைக் கணிசமாகக் குறைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எனவே வெப்பம் அனுமதிக்கும் வரை முழு வேகத்தைத் தவிர்ப்பது வாடைக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

ஈரப்பதம்தான் மூன்றாவது. செயலூட்டப்பட்ட கரி ஒரு கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர் உட்பரப்பு கொண்டது. வாடை மூலக்கூறுகள் அந்த நுண்துளைகளில்தான் ஒட்டிக்கொள்கின்றன. காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டும்போது நீராவியே அந்தத் துளைகளில் ஒடுங்கித் தங்கத் தொடங்குகிறது. புதிய மூலக்கூறுகளுக்கு இடம் குறைவதோடு, தளர்வாக ஒட்டியிருந்த பழைய மூலக்கூறுகளும் வெளியே தள்ளப்படலாம். தங்கள் கூடாரத்தில் இரவில் 80 விழுக்காடு என்பதை இதோடு பொருத்திப் பாருங்கள். நீர் ஊற்றுவதைக் காலையில், விளக்கு எரியத் தொடங்கியதும் செய்துவிட்டால், விளக்கு அணைவதற்குள் மண்ணின் மேற்பரப்பு ஓரளவு உலர்ந்திருக்கும்.

வடிகட்டியை எடைபோட்டு அதன் ஆயுளைக் கணிக்கலாம் என்று சிலர் கூறுவதுண்டு. உறிஞ்சிய நீரின் எடையும் அதில் சேர்ந்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். கரியை நீரில் கழுவுவதும் பயன் தராது. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகுமே தவிர, ஒட்டியவை பெரும்பாலும் போகா. தொழிற்சாலைகளில் கரியை மீண்டும் செயலூட்ட ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடாக்குகிறார்கள். வீட்டு அடுப்பில் இதை முயல்வது தீ விபத்தில் முடியலாம். கழுவக்கூடியது வெளியே சுற்றியிருக்கும் துணியுறை மட்டும்தான், அதையும் நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வடிகட்டியைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டியபோது துணுக்குகள் கண்கூடாக இறங்கின. இப்போது அது கூடாரத்துக்குள் தொங்குகிறது, விசிறி அதிலிருந்து உறிஞ்சுகிறது, கட்டுப்பாட்டுக் கருவியில் குறைந்தபட்ச வேகம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்ததால் இரவிலும் விசிறி நிற்பதில்லை. ஊதுபத்திப் புகை கீழ்ப்பக்க ஜிப் முடியும் மூலையில் மட்டும் உள்ளே போகாமல் தயங்கி நின்றது. அதை உட்புறமாகத் துணிப்பட்டை வைத்து அடைத்துவிட்டேன்.

இலைகளின் வாசனையும் மீன் உரத்தின் வாடையும் அறையில் இப்போது தெரிவதில்லை. ஆனால் விசிறியிலிருந்து வெளிவரும் காற்றிலேயே, வேறுவிதமான, அழுகிய முட்டையை ஒத்த ஒரு வாடை மிக மெல்லியதாக வருகிறது. சில வேளைகளில் மூக்கில் சுரீரென்று ஏறும் ஒரு நெடியும் உண்டு. இது கரியைக் கடந்துதானே வருகிறது? அப்படியானால் கரி தீர்ந்துவிட்டது என்பது உண்மையாகிவிடாதா?

பதில் 3

ஆகாது. தாங்கள் குறிப்பிடும் இரண்டு வாடைகளும் சாதாரணக் கரி நன்றாகப் பிடிக்க முடியாதவை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூக்கில் ஏறும் நெடி பெரும்பாலும் அமோனியா. இலைகளிலிருந்து வரும் டெர்பீன்கள் போன்ற பெரிய, கனமான மூலக்கூறுகள் கரியில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். சிறியவையும் எளிதில் ஆவியாகிறவையுமான இந்த இரண்டும் அவ்வாறு தங்குவதில்லை. தொழிற்சாலைகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குக் காரம் ஏற்றிய கரியையும் அமோனியாவுக்கு பாஸ்பாரிக் அமிலம் போன்றவற்றை ஏற்றிய கரியையும் தனித்தனியே பயன்படுத்துகிறார்கள். வீட்டுக் கூடாரத்தில் அவற்றைத் தேடிப் போவதைவிட, அவை உருவாகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே முறை.

தொட்டிகளின் அடித்தட்டுகளைப் பாருங்கள். வடிந்த உரநீர் அங்கே தேங்கி நின்றால், ஆக்சிஜன் தீர்ந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்கும். எப்போதும் நனைந்தே கிடக்கும் மண்ணின் அடிப்பகுதியிலும் இதே நிகழும். அங்கே வேர்கள் பழுப்பாகி வழுவழுப்பாக இருந்தால் செடியே ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அமோனியாவைப் பொறுத்தவரை, மீன் உரத்தின் புரதம் சிதையும்போது அம்மோனியம் உருவாகிறது. கரைசலின் காரத்தன்மை கூடக்கூட அது வாயுவாக மாறி வெளியேறும் பங்கு உயரும், பிஎச் 9.25 அளவில் பாதிக்குப் பாதி, 7-ஐ ஒட்டி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே உரநீரின் பிஎச் அளவை 6 முதல் 6.5 வரை வைத்துக்கொண்டால் அந்த நெடி பெருமளவு அடங்கும். உரத்தை இன்னும் நீர்த்து ஊற்றுங்கள், ஊற்றியபின் வடிந்ததை அன்றே அகற்றிவிடுங்கள், கலந்த கரைசலை மீதம் வைத்து மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

வாடை போய்விட்டதா என்பதைக் கூடாரத்தின் அருகிலேயே நெடுநேரம் நின்று முடிவு செய்ய வேண்டாம். மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். வெளியே சென்று சிறிது நேரம் கழித்துத் திரும்பி வரும்போது முதல் மூச்சில் தெரிவதை மட்டும் நம்புங்கள், அல்லது அந்த அறைக்குப் பழகாத ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சிய வாடையை மறைக்கலாம் என்று கூடாரத்துக்குள் நறுமணத் தெளிப்பான்களையோ மணக்கட்டிகளையோ வைத்துவிடாதீர்கள். அந்த மணமும் மூலக்கூறுகள்தான். அவை கரியின் இடத்தை நிரப்பி அதன் ஆயுளைக் குறைக்கும். ஓசோன் உருவாக்கும் கருவிகளை மனிதர் புழங்கும் வீட்டில் பயன்படுத்தவே கூடாது, அந்த வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

அடித்தட்டுகளைக் காலி செய்து, பிஎச் அளவைச் சரிசெய்த பின்னர், விசிறியின் வெளிவாயில் வழியே இலைகளின் வாசனை வரத் தொடங்கினால், அப்போதுதான் கரி உண்மையிலேயே நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அதுவரை இந்த வடிகட்டியையே பயன்படுத்துங்கள். துணியுறையைத் தூசி அடைக்கும் முன் கழுவிக்கொண்டே இருந்தால் காற்றின் ஓட்டம் குறையாது, பக்கத் துணிகளின் உள்வளைவும் அப்படியே நிற்கும்.