டிசம்பர் 31 இரவில் பெறுகை மென்பொருளை மாற்றலாமா?

வண்ணைவாசி: "அரச திணைக்களத்தின் பெறுகை மென்பொருளை, அதாவது சாமான் வாங்கும் மென்பொருளை, மாற்ற டிசம்பர் 31 இரவுதான் ஒரே நல்ல நேரம். நிதியாண்டும் முடியும், கணக்கும் முடியும்" என்று கோண்டாவிலான் நேற்று எழுதியிருந்தார். வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது. கணக்கு எங்கே முடிகிறது? ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று டிசம்பர் முழுக்க ஓடர் போடுகிறார்கள். சாமான் ஜனவரியில் வருகிறது. முடியாத அந்த ஓடர்களுக்கு எந்த மென்பொருளில் காசு கட்டுவீர்கள்?

கோண்டாவிலான்: அண்ணை, ஆண்டு நடுவில் மாற்றினால் ஒரே ஆண்டின் செலவு இரண்டு இடத்தில் கிடக்கும். கணக்காய்வுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்? டிசம்பர் 31 தான்.

வண்ணைவாசி: நான் கேட்டது முடியாத ஓடரை. 2024 ஜனவரி 1 இல் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 வீதமானது. 2006 வழிகாட்டல்களுக்குப் பதிலாகப் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 1. இலங்கையில் விதி மாறுவதும் அதே நாளில்தான். மென்பொருளையும் அன்றே மாற்றினால், பிழை வரியிலா, விதியிலா, மென்பொருளிலா என்று எப்படிப் பிடிப்பீர்கள்?

கோண்டாவிலான்: புது விதி புது மென்பொருளில் ஓடட்டும். எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய ஈசிசி மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு 2027 முடிவோடு வழமையான பராமரிப்பு நிற்கிறது. பயந்துகொண்டு இருந்தால் அதுவும் போய்விடும்.

வண்ணைவாசி: பயம் என்று சொல்லாதீர்கள் தம்பி. நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் களஞ்சியக் கணக்கு எழுதியவன். மேலதிகக் கட்டணம் கட்டினால் அந்தப் பராமரிப்பையே 2030 வரை நீட்டலாம். முடியாத ஓடருக்கு இன்னும் பதில் வரவில்லை.

களஞ்சியக்காரி: ஓடரை விடுங்கள். எங்கள் வழங்குநர் பட்டியலில் பாதிப் பெயர் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் கிடக்கிறது. அப்படியே ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

கோண்டாவிலான்: யூனிகோட் மாற்றியில் போட்டால் ஒரு நாள் வேலை.

களஞ்சியக்காரி: தம்பி, நீங்கள் செய்து பார்க்கவில்லை. பட்டியலின் ஒரே நிரலில் ஆங்கிலப் பெயரும் பாமினிப் பெயரும் கலந்திருந்தால் அந்த மாற்றி ஆங்கிலத்தையும் பிடித்துக் குழப்பிவிடும். ஒவ்வொரு வரியாக ஆள் இருந்து பார்க்க வேண்டும்.

மானிப்பாயான்: இதுக்குத்தான் சொன்னேன், யாழ்ப்பாணப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று. பாமினி என்றால் என்ன என்றே தெரியாத கொழும்புக் கம்பனிக்குக் கொடுத்தார்கள்.

கோண்டாவிலான்: நான் வேலை செய்வது கொழும்புக் கம்பனியில்தான். எனக்குத் தெரியாதா பாமினி?

மானிப்பாயான்: தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வண்ணைவாசி: எழுத்துச் சண்டையைப் பிறகு பிடியுங்கள். ஜனவரி 1 இங்கே அரச விடுமுறையே இல்லை. காலையில் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டு எல்லோரும் கதிரையில் இருப்பார்கள். சரிபார்க்க ஒரு பகல்கூட மிஞ்சாது. வெசாக்குக்கு இரண்டு நாள் தொடர்ந்து லீவு. வார இறுதியோடு சேர்ந்தால் நான்கு. அப்போது மாற்றுங்கள். மே மாதத்துக்குள் டிசம்பர் ஓடர்களில் பெரும்பாலானவற்றைப் பழையதிலேயே முடித்துவிடலாம்.

கோண்டாவிலான்: மே மாதம் என்றால் நாலு மாதச் செலவு பழையதில், மிச்சம் புதியதில். ஆண்டறிக்கையை யார் ஒட்டவைப்பது? டிசம்பர் 31 தான் அண்ணை.

வண்ணைவாசி: முடியாத ஓடர்?

கோண்டாவிலான்: புதியதில் திரும்ப அடிக்கலாம்.

களஞ்சியக்காரி: யார் அடிப்பது? நாங்களா?