சனிக்கிழமைக் கூலியில் சேமிப்பு: ஏலச்சீட்டா, நகைச்சீட்டா, அஞ்சலகமா?

கேள்வி: அம்மாபேட்டை_தறி

விசைத்தறி வேலை. சனிக்கிழமை கூலி சுமார் 5,000. மனைவி வீட்டில் கொலுசுக்குச் சலங்கை வைக்கிறார், வாரம் 1,200 வரும். பெண் குழந்தைக்கு 6 வயது. இப்போது போவது: தெருவில் நடக்கும் 1 லட்சம் ஏலச்சீட்டு (20 பேர், 20 மாதம், 7 கட்டியாச்சு), நகைச்சீட்டு மாதம் 1,000, தண்டல் தினம் 100 (இன்னும் 60 நாள் இருக்கு). இவ்வளவு கட்டியும் ஆடிப் பண்டிகை வந்தால் கடன்தான். தண்டலை அடைக்கச் சீட்டை இப்பவே எடுத்துவிடலாமா? பிள்ளைக்கு நீண்டகாலமாகச் சேர்க்க எது சரி?

பதில் 1: கணக்குப்பிள்ளை

தண்டலுக்காகச் சீட்டை எடுக்காதீங்க. 10,000 தண்டலில் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தந்து, 100 நாள் நூறு நூறாக வாங்குகிறார்கள். வருடக் கணக்கில் அது 75 சதவீதத்துக்கு மேல். ஆனால் வட்டியை முதலிலேயே பிடித்தாயிற்று. முன்கூட்டி அடைத்தால் சல்லிக்காசு திரும்பி வராது. கட்டி முடியுங்கள், அவ்வளவுதான்.

ஆபத்து 80ஆம் நாளில் வரும். "பாக்கி 2,000-ஐக் கழிச்சுக்கிட்டு புதுசா 10,000 தரேன்" என்பார் தண்டல்காரர். கைக்கு வருவது 7,000. ஏற்கெனவே வட்டி கட்டிய அந்த 2,000-க்கு மறுபடியும் வட்டி கட்டுகிறீர்கள். பல குடும்பங்கள் வருஷக்கணக்கில் தண்டலிலேயே கிடப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

வாரக் கூலிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மாதச் சம்பளக்காரர்களுக்குக் கிடையாது. வருடத்துக்கு 52 சனிக்கிழமை. வாடகை, மளிகை, சீட்டு எல்லாவற்றையும் மாதம் 4 கூலிக்குள் அடக்கினால் 48தான் செலவாகும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் அந்த ஐந்தாவது கூலியைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். வருடத்துக்குச் சுமார் 20,000. தீபாவளி போனஸில் பாதியும் அதிலேயே சேரட்டும். பாவு (தறியில் ஏற்றும் நூல்) வராமல் தறி நின்றால் முதலாளியிடம் முன்பணம் கேட்காமல் சமாளிக்க இந்தப் பணம்தான். மூன்று மாதச் செலவு சேரும்வரை வேறு எதிலும் புதிதாக இறங்காதீர்கள். வைப்பு நிதியாகப் போடும்போது ஒரே ரசீதாக வேண்டாம், பத்துப் பத்தாயிரமாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

பதில் 2: சீட்டு_ஏலம்

சீட்டு லாபமா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைசி வரை எடுக்காதவர், தள்ளு (ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுத்து எல்லோருக்கும் பங்காகும் தொகை) போக சராசரியாக மாதம் 4,500 கட்டினார் என்று வையுங்கள். மொத்தம் 90,000. 5 சதவீதக் கமிஷன் போகக் கைக்கு 95,000. வருட வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 7 சதவீதம். இதற்காகப் பதிவில்லாத தெருச்சீட்டில் கடைசி ஆளாக நிற்பது வீண் துணிச்சல். எடுத்தவர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் கடன் கொடுத்திருக்கிறீர்கள், ஜாமீன் இல்லாமல்.

1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டில் ஒப்பந்த நகல் உங்கள் கையில் இருக்கும், நடத்துபவர் பிணைத்தொகை கட்டியிருப்பார், தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். கமிஷன் உச்சவரம்பை 2019-ல் 7 சதவீதமாக்கினார்கள். உங்கள் சீட்டில் இது எதுவும் இல்லை போலிருக்கிறது. 12ஆம் மாதத்துக்கு மேல் தள்ளு இறங்கும், அப்போது எடுத்து வங்கியில் போட்டு, மீதித் தவணையை அதிலிருந்தே கட்டுங்கள்.

பதில் 3: அஞ்சலக_முகவர்

குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஆதார், பான் கொண்டுபோங்கள். வருடக் குறைந்தபட்சம் 250, அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருடம் கட்டினால் போதும், 21 வருடத்தில் முதிரும். 18 வயதானதும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பு வரும், மாறலாம். இதே வட்டி நின்றால், மாதம் 2,000 கட்டினால் போட்டது 3.6 லட்சம், கடைசியில் சுமார் 11 லட்சம்.

பலரும் கோட்டை விடுவது தேதியில். 5ஆம் தேதிக்குப் பிறகு மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. முதல் சனிக்கிழமை 6, 7 தேதியில் விழுந்தால் உங்கள் கூலி தாமதம். அதனால் போன மாதக் கடைசிக் கூலியில் எடுத்துவைத்து 1 முதல் 5 தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வங்கிக் கணக்கில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கிறதா? தலா 2 லட்சம். மே மாதக் கடைசியில் இருப்பு இல்லையென்றால் புதுப்பிக்காமல் போய்விடும்.

அம்மாபேட்டை_தறி

நன்றிங்க. நகைச்சீட்டு 4 மாதம் கட்டியாச்சு. நிறுத்திடலாமா? கொலுசு வெள்ளி வாங்கி வைக்கலாம்னு மனைவி சொல்றாங்க.

பதில் 4: செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

நிறுத்தாதீங்க அண்ணா. பெரும்பாலான கடைகளில் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், சலுகையும் போய்விடும். 11 மாதம் கட்டி முடியுங்கள், அடுத்ததில் சேராதீர்கள். எடுக்கும்போது கல் இல்லாத, சேதாரம் குறைந்த வளையலோ செயினோ பாருங்கள். சேதாரத் தள்ளுபடிக்கு உச்சவரம்பு இருக்கும், அதற்கு மேல் போனால் வித்தியாசம் உங்கள் தலையில். ஹால்மார்க் 6 இலக்கக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கொலுசு காலில் போட மட்டும். திரும்ப விற்கும்போது டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்துத்தான் எடுப்பார்கள், கூலியும் போச்சு, பற்றவைக்கப் பொடி வைத்த எடையும் போச்சு. சலங்கை வைக்கிறவங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, கேட்டுப் பாருங்க.