தக்காளித் தளிர் வெளுக்கிறது, இரும்புச்சத்து கொடுத்தும் தேறவில்லை. மண்ணில் நிக்கல் இருக்கிறதாம், உதவுங்கள்

புதுத்தோட்டம்:
வணக்கம். தக்காளியும் பீன்ஸும் நட்டு ஆறு வாரம் ஆகிறது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, இடைப்பகுதி வெளிறிவிட்டது. இரும்புச்சத்துக் குறை என்று நினைத்து அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து வேரடியில் இரண்டு முறை ஊற்றினேன். தேறவில்லை, பீன்ஸ் இன்னும் கூனிப்போனது. இங்கே முன்பு உலோக முலாம் பூசும் பட்டறை இருந்ததாம். மண்ணைப் பரிசோதித்தால் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.3, மொத்த நிக்கல் கிலோவுக்கு 140 மில்லிகிராம். இது அதிகமா?

பச்சிலை:
மெக்னீசியக் குறையாக இருக்குமோ?

வேரடி மண்:
இல்லை நண்பரே. மெக்னீசியம் குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். புதுத்தோட்டம், ஒரு பீன்ஸ் செடியை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுத்தோட்டம்:
பார்த்தேன். வேர் விரல் நீளம்கூட இல்லை. நுனியெல்லாம் பழுப்பேறி மழுங்கியிருக்கிறது. பக்கவேர் எதுவுமே இல்லை.

வேரடி மண்:
அப்படியென்றால் நிக்கல் மேல்தான் என் சந்தேகம். செடிக்கு நிக்கல் துளியூண்டு தேவைதான், யூரியாவை உடைக்கும் நொதிக்குள் அது இருக்கிறது. ஆனால் அளவு மீறினால் முதலில் வேர் வளர்ச்சி நிற்கும், இரும்பு இலைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் பார்வைக்கு இரும்புக் குறை மாதிரியே தெரிகிறது. காய்ந்த இலையில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே தாங்காத செடிகள் உண்டு. இலையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

140 அதிகம்தான். கழிவுநீர்ச் சகதி இடும் நிலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1986இல் வைத்த வரம்பே மண்ணில் கிலோவுக்கு 30 முதல் 75 மில்லிகிராம். ஆனால் என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது உங்கள் பி.எச். மண் புளிக்கப் புளிக்க நிக்கல் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அன்னபேதி மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். நீங்கள் நல்லது நினைத்து ஊற்றியது நிக்கலுக்குத்தான் வழிவிட்டிருக்கும். இனி வேரில் ஊற்றாதீர்கள், அதேபோல் மண்ணைப் புளிக்க வைக்கும் அம்மோனியம் சல்பேட் உரமும் வேண்டாம். அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள்.

அப்புறம் சுண்ணாம்பு. பி.எச். 6.5க்கு மேல் போகும்வரை பொடித்த சுண்ணாம்புக்கல்லை மண்ணில் நன்றாகக் கலக்க வேண்டும். எவ்வளவு என்பது மண்ணின் களித்தன்மையைப் பொறுத்தது, பரிசோதனைக் கூடத்திலேயே கேளுங்கள். கூடவே நன்கு மக்கிய உரம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சுண்ணாம்பு நிக்கலை வெளியேற்றாது, கட்டிப்போடும், அவ்வளவுதான். மண் திரும்பப் புளித்தால் அவிழ்ந்துவிடும். வருடம் ஒருமுறையாவது பி.எச். பாருங்கள்.

பச்சிலை:
நிக்கலை உறிஞ்சும் செடி வைத்து எடுத்துவிட முடியாதா?

வேரடி மண்:
முடியும், ஆனால் மெதுவாக. அலிசம் முராலே என்ற செடி காய்ந்த இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கும். நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பால் நிக்கலால் நீலப்பச்சையாகவே வடியும். இப்படி மண்ணைச் சுத்தம் செய்யப் பல பருவம் ஆகும், அறுத்த செடியையும் மக்க விடக்கூடாது.

புதுத்தோட்டம்:
காய்களைச் சாப்பிடலாமா?

வேரடி மண்:
இந்தப் பருவத்துக் காய்களை வேண்டாம் என்பேன். நிக்கல் விதைவரை போகும், பீன்ஸில் குறிப்பாக. முலாம் பட்டறை இருந்த இடம் என்பதால் குரோமியம், காட்மியம், ஈயம் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுத்தோட்டம் (ஐந்து வாரம் கழித்து):
தெளித்த தக்காளித் தளிர் பச்சை பிடித்தது. கூடவே ஒரு சோதனை செய்தேன். அதே மண்ணை இரண்டு தொட்டியில் எடுத்து, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து இரண்டிலும் பீன்ஸ் விதை போட்டேன். இன்று இரண்டையும் பிடுங்கி அலசினேன். சும்மா விட்ட தொட்டியில் அதே மழுங்கிய பழுப்பு வேர். சுண்ணாம்புத் தொட்டியில் வெள்ளை வெளேரென்று பக்கவேர் கிளைத்திருக்கிறது. மற்ற உலோகங்களின் முடிவு இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கே போடுகிறேன்.