டெபியன் 13 எப்ப வரும்? காத்திருக்கவா, 12-ஐப் போடவா?

களுவாஞ்சிக்குடியான் (2025 ஜூன் 4)
எங்கள் டியூட்டரியில் பழைய மெஷின்கள் கொஞ்சம் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு அக்டோபரோடு அப்டேட் நிற்கிறது, 11 இவற்றில் ஏறாது. அதனால் டெபியன் என்கிற இலவச லினக்ஸ் இயங்குதளம். அதன் 12-ஆம் பதிப்பு புக்வேர்மை இப்பவே போடலாம், ஆனால் 13-ஆம் பதிப்பு ட்ரிக்ஸி வந்தால் மறுகா எல்லாவற்றையும் அழித்துப் போட வேணுமா? ஆகஸ்ட் லீவுக்குள் வருமா? ஒரு திகதி சொல்லுங்களேன்.

வாவிக்கரை
தம்பி, டெபியன்காரரிடம் திகதி கேட்டால் "தயாரானதும் வரும்" என்பார்கள். மே 17 முதல் ஹார்ட் ஃப்ரீஸ். புதுப் பதிப்புகளைச் சும்மா உள்ளே விடமாட்டார்கள், ரிலீஸை மறிக்கிற பக்குகளை, அதாவது பிழைகளைத் தீர்ப்பதுதான் வேலை. திகதி தெரியாவிட்டாலும் கிழமை தெரியும்: சனி. முந்தின பதிப்புகள் வந்த 2017 ஜூன் 17, 2019 ஜூலை 6, 2021 ஆகஸ்ட் 14, 2023 ஜூன் 10, எல்லாம் சனிதான். நான் ஜூலை 5 என்கிறேன். தோற்றால் வென்றவருக்கு ஒரு சட்டி எருமைத் தயிர்.

திருக்கோவில் டீச்சர்
ஜூலை 5 வாய்ப்பில்லை. ஜூலை நடுவில் பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் டெப்கான்ஃப், டெபியன்காரரின் வருடாந்த மாநாடு. மிச்சச் சிக்கல்களை அங்கே நேரில் கதைத்துத் தீர்த்து, ஆளுக்காள் வீடு போய்ச் சேர ரெண்டு மூன்று வாரம் வேணும். ஆகஸ்ட் 9 என்று எழுதி வையுங்கள்.

ஊறணி வாசி
மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஜூலை 24. அது முடிந்து வருகிற சனி, 26. இதற்கு மேல் காரணம் கேட்காதீங்க.

வெள்ளாமைக்காரன் (சம்மாந்துறை)
எனக்கு பக் கணக்கெல்லாம் விளங்காது. சிறுபோக நெல் வெட்டுக்கு மெஷின் எங்கட வயல் வட்டைக்குள் இறங்குகிற வாரம் ட்ரிக்ஸியும் இறங்கும்.

வாவிக்கரை
வெள்ளாமைக்காரக் காக்கா, அது திகதியே இல்ல!

செங்கலடிப் பழசு
இவர்களுக்கு எல்லாம் அவசரம். டெபியன் 3.0 வூடி 2002 ஜூலையில் வந்தது, 3.1 சார்ஜ் 2005 ஜூன் 6-இல்தான். இடையில் சுனாமியே வந்து போயிற்று. சார்ஜ் வந்ததும் ஒரு திங்கட்கிழமை, சனிக் கணக்கை நம்பிப் பந்தயம் கட்டாதீங்க.

தம்பி, நீங்க காத்திருக்க வேண்டாம். 12-ஐப் போடுங்க, 13 வந்ததும் அழிக்காமல் அதன் மேலேயே ஏற்றலாம். அப்டேட் எந்தப் பதிப்பிலிருந்து வரவேணும் என்று சொல்லுகிற சோர்ஸ் லிஸ்ட் கோப்பில் மட்டும் "ஸ்டேபிள்" என்று இருந்தால் "புக்வேர்ம்" என்று மாற்றி விடுங்க. இல்லாவிட்டால் ரிலீஸுக்குப் பிறகு செய்கிற முதல் அப்டேட்டே உங்களை 13-இன் பக்கம் தள்ளும், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது அது தேவையா?

இன்னொன்று, 13-க்கு 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. இப்பவே விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பாருங்க. "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசசர்" என்று இருந்தால் பயமில்லை. விண்டோஸ்தான் 32, மெஷின் 64. ப்ராசசருக்கு எக்ஸ்86 என்று காட்டுகிற மெஷின் 12-ஓடு நிற்கட்டும்.

களுவாஞ்சிக்குடியான் (ஜூலை)
பார்த்தேன் ஐயா, ஒன்றைத் தவிர எல்லாம் எக்ஸ்64. 12 போட்டாச்சு. அப்புறம், ரிலீஸ் குழு அறிவித்துவிட்டது: ஆகஸ்ட் 9!

வாவிக்கரை
டீச்சர், உங்களுக்கு அங்கே ஆள் இருக்கா?

வெள்ளாமைக்காரன்
பொறுங்க. எங்கட வட்டைக்கும் அந்த வாரம்தான் வெட்டு மெஷின் வருகுது. தயிரில் பாதி எனக்கு.

களுவாஞ்சிக்குடியான் (ஆகஸ்ட்)
13 ஏறியாச்சு. ஆனால் 2 ஜிபி ரேம் மெஷினில் பெரிய ஸிப் கோப்பை விரித்தால் "இடமில்லை" என்கிறது. ஹார்ட் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி.

செங்கலடிப் பழசு
ஸிப்பை டிஎம்பி என்கிற தற்காலிகக் கோப்பு ஃபோல்டருக்குள் விரிக்கிறீங்கள் போல. 13-இல் அந்த ஃபோல்டர் டிஸ்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. ரேமில் பாதிவரைதான் எடுக்கும். 2 ஜிபி மெஷினில் அது எந்த மூலைக்கு? ரூட்டாக, அதாவது நிர்வாகியாக நின்று சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் "டிஎம்பி.மவுண்ட்" என்பதை மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, ரீபூட் பண்ணுங்க, பழையபடி டிஸ்குக்கே போய்விடும். ரேம் கூடின மெஷின்களில் கை வைக்க வேண்டாம், அங்கே அது நல்ல வேகம்.

களுவாஞ்சிக்குடியான்
சரி வந்தது ஐயா. நன்றி.

திருக்கோவில் டீச்சர்
தயிர் வந்து சேர்ந்தது. அதற்கு ஊற்றுகிற கித்துள் பாணி யார் கணக்கில்?