புள்ளி வழியே ஒரே ஓர் இணைகோடு: இதை நிரூபிக்க முடியுமா?

கேள்வி:
ஒரு கோட்டின் மேல் இல்லாத புள்ளி வழியாக அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்பதைப் பாடநூல் நிரூபிக்காமல் அடிகோளாகவே (நிரூபணமின்றி ஏற்கும் அடிப்படைக் கூற்றாகவே) வைத்துவிடுகிறது. ப என்ற புள்ளியிலிருந்து க என்ற கோட்டுக்குச் செங்குத்து வரைந்து, அச்செங்குத்துக்கு ப-வில் இன்னொரு செங்குத்து வரைந்தால் ஓர் இணைகோடு கிடைக்கிறது. ப வழியே செல்லும் வேறு எந்தக் கோடும் முதல் செங்குத்துடன் ஏதேனும் ஒரு பக்கத்தில் 90 பாகைக்குக் குறைவான கோணம் அமைப்பதால், அப்பக்கத்தில் அது க-வைச் சந்தித்தே தீரும். இதை ஏன் நிரூபணமாகக் கொள்ளக் கூடாது?

மறுமொழி:
முதற்பகுதி சரியானது. நீங்கள் வரைந்த கோடு க-வைச் சந்தித்தால் இரண்டு செங்கோணங்கள் கொண்ட முக்கோணம் உருவாகும். முக்கோணத்தின் வெளிக்கோணம் அதன் உள்ளெதிர்க் கோணத்தைவிடப் பெரியது என்ற தேற்றத்துக்கு அது முரண். ஆகவே இணைகோடு உண்டு என்பது தேற்றமே. ஆனால் “சந்தித்தே தீரும்” என்று நீங்கள் எழுதிய இடத்தில் யூக்ளிடின் ஐந்தாம் அடிகோள் அப்படியே இருக்கிறது. இரு கோடுகளை வெட்டிச் செல்லும் குறுக்குவெட்டியின் ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைந்தால் கோடுகள் அப்பக்கத்தில் சந்திக்கும் என்பதுதான் அது. பாடநூலில் உள்ள வடிவம், 1795இல் வெளிவந்த தம் வடிவியல் நூலில் ஜான் பிளேஃபேர் கையாண்டதால் அவர் பெயரால் வழங்குகிறது; ஏனைய அடிகோள்களை ஏற்றுக்கொண்டால் இரண்டும் சமானமானவை.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஆயினும் ஓர் ஐயம். கோணம் 89.9 பாகை, ப-வின் தூரம் 1 அலகு என்றால், டேன் 89.9° (செங்கோண முக்கோணத்தில் அக்கோணத்தின் எதிர்ப்பக்கத்துக்கும் அடுத்துள்ள பக்கத்துக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 573 என்பதால் செங்குத்தின் அடியிலிருந்து 573 அலகு தள்ளிக் கோடுகள் சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தையே கணக்கிட முடியும்போது அடிகோள் எதற்கு?

இன்னொரு மறுமொழி:
நல்ல கேள்வி, பலரும் தடுமாறும் இடம் இதுவே. கோணத்தை மட்டும் வைத்து டேன் மதிப்பைச் சொல்ல முடிவது, அக்கோணம் கொண்ட சிறிய, பெரிய செங்கோண முக்கோணங்கள் அனைத்தும் வடிவொத்தவை, அதாவது பக்கங்களின் விகிதம் மாறாதவை என்பதால்தான். அளவில் வேறுபட்ட வடிவொத்த முக்கோணங்கள் உண்டு என்ற கூற்றோ ஐந்தாம் அடிகோளுக்குச் சமானம். 1663இல் கணித அறிஞர் ஜான் வாலிஸ் அக்கூற்றை ஏற்றுக்கொண்டுதான் அடிகோளை வருவித்தார். எனவே உங்கள் கணக்கு, நிரூபிக்க வேண்டியதை முன்பே எடுத்துக்கொள்கிறது. கணித அறிஞர்கள் லொபாச்செவ்ஸ்கி 1829இலும் பொல்யாய் 1832இலும் வெளியிட்ட, ஐந்தாம் அடிகோளை ஏற்காத வடிவியலில் மற்ற அடிகோள்கள் அனைத்தும் பொருந்துகின்றன. ஆனால் ப வழியே க-வைச் சந்திக்காத கோடுகள் எண்ணற்றவை. செங்குத்துடன் அமையும் கோணம், ப-வின் தூரத்தைப் பொறுத்த ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டுமே அங்கு கோடுகள் சந்திக்கும். அந்த எல்லை 90 பாகைக்குக் குறைவு. அத்தகைய வடிவியலில் முரண்பாடு எழாது என்பதால், ஒரே இணைகோடு என்பதை ஏனைய அடிகோள்களிலிருந்து எவராலும் வருவிக்க இயலாது.